மாவு மில் பெல்ட் அடிக்கடி தேய்கிறதா?



கடன் வாங்கி மாவு மில் நடத்தும் குழுக்களைப் பார்க்கப் போனால் நாங்கள் அடிக்கடி கேட்கும் குறை இது: "பெல்ட் நிக்கவே மாட்டேங்குது மேடம், மாத்தி மாத்தியே லாபம் போகுது." ஒரு ஊரில் பார்த்தால், பெல்ட் நல்ல பெல்ட்தான். அதை இறுக்கிப் பிடிக்கும் சிறு புல்லியை, அதாவது டென்ஷனரை, தவறான பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். இது மெக்கானிக் வேலை, நமக்கெதுக்கு என்று விடாமல் நாமும் தெரிந்துகொள்வோம்.

எந்தப் பக்கம்?

மோர் கடைவதை நினைத்துப் பாருங்கள். மத்துக் கயிற்றில் நாம் இழுக்கும் பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தொய்வாகவும் இருக்கும். பெல்ட்டும் அப்படித்தான். மோட்டார் புல்லியை நோக்கி வரும் பக்கம் விறைப்பு. மோட்டாரை விட்டு மில்லுக்குப் போகும் பக்கம் தொய்வு. டென்ஷனர் தொய்வுப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். விறைப்புப் பக்கத்தில் வைத்தால் இழுவை முழுவதும் அதன்மேல் விழும். பேரிங் கெடும், பெல்ட் சீக்கிரம் தேயும்.

எந்த இடத்தில்?

1. வெளியிலிருந்து பெல்ட்டின் முதுகை அழுத்துவது என்றால், பள்ளம் இல்லாத தட்டைப் புல்லி வேண்டும். மோட்டாரின் சின்னப் புல்லிக்கு அருகில் வைக்கவும். அப்போதுதான் பெல்ட் சின்னப் புல்லியை நன்றாகச் சுற்றிப் பிடிக்கும், வழுக்காது.

2. உள்ளிருந்து வி-பெல்ட்டைத் தள்ளுவது என்றால், பள்ளம் உள்ள புல்லி வேண்டும். மில்லின் பெரிய புல்லிக்கு அருகில் வைக்கவும். சின்னப் புல்லிக்குப் பக்கத்தில் வைத்தால் பிடிப்பு குறைந்துவிடும்.

எவ்வளவு இறுக்கம்?

இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட் 60 செ.மீ. நீளம் இருந்தால், நடுவில் விரலால் அழுத்தும்போது சுமார் 1 செ.மீ. இறங்கலாம். அதிகமாக இறுக்கினால் பேரிங் சூடேறும். புது பெல்ட் கொஞ்சம் நீளும். அதனால் முதல் நாள் ஓட்டிய பிறகு மறுபடி பாருங்கள்.

மோட்டார் ரீவைண்டிங் போய் வந்தால், முதலில் அது சுழலும் திசையைப் பாருங்கள். மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு ஒயர் இடம் மாறினால் திசை திரும்பிவிடும். தொய்வுப் பக்கமும் மாறிவிடும்.

உயிர் முக்கியம்

ஓடும் பெல்ட்டில் கை வைக்கவே கூடாது. மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கேரியரைக் கழற்றி உங்கள் கையில் வைத்துக்கொண்ட பிறகே தொடுங்கள். சேலை முந்தானையைச் செருகி, கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பெல்ட் மேல் மூடும் கம்பி வலையைத் திரும்ப மாட்டாமல் மில்லை ஓட்டாதீர்கள்.

டென்ஷனரை மாற்ற மெக்கானிக்கையே கூப்பிடுங்கள். ஆனால் எந்தப் பக்கம் மாட்டுகிறார் என்று கூடவே நின்று பாருங்கள். பெல்ட் மாற்றிய தேதியைக் குழு நோட்டில் எழுதுங்கள். நாம் சொன்ன அந்த ஊர்க் குழுவில், பெல்ட்டுக்குப் போன காசு இப்போது கடன் தவணைக்குப் போகிறது.