உண்ணும் உணவும் சிறுநீர் கூறும் செய்தியும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் அமைந்துள்ள பரவையின் மொத்தக் காய்கறிச் சந்தையை அறியாத விவசாயி இவ்வட்டாரத்தில் இரார். கத்தரி, வெண்டை, அவரை, முருங்கை எனப் பல வகைக் காய்கள் அங்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. ஆனால் அவற்றைப் பாடுபட்டு விளைவித்தவரின் இலையில் எவ்வளவு காய் பரிமாறப்படுகிறது? சோறு மிகுதியாகவும் காய் சொற்பமாகவும் இருப்பின், அதன் விளைவு உடலினுள் என்ன என்பதை, நாம் அருவருத்து ஒதுக்கும் சிறுநீரே எடுத்துக்காட்டிவிடும்.

கத்தரிக்காயும் மாட்டுத் தொழுவமும்

நறுக்கிய கத்தரிக்காய் சிறிது நேரத்தில் கறுப்பதும், அதைத் தடுக்கப் பெண்கள் அதனைத் தண்ணீரில் இடுவதும் யாவரும் அறிந்ததே. காயிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்வதாலேயே இக்கருமை உண்டாகிறது. மாட்டுத் தொழுவத்தின் தனி வாடைக்குக் காரணமானவற்றுள் முக்கியமானது கிரெசால் என்னும் மற்றொரு பீனால் வகைப் பொருளாகும். மனிதரின் சிறுநீரிலும் இவ்வினப் பொருள்கள் உண்டு. அவை கந்தகச் சேர்க்கையுடன் இணைந்த வடிவில் வெளியேறுவதை ஜெர்மானிய இரசாயன அறிஞர் பௌமன் 1876-ஆம் ஆண்டிலேயே விளக்கினார்.

இட்ட எருவும் எடுக்கும் விளைவும்

நமது பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நிலத்தில் இடும் எருவுக்கேற்ப விளைச்சல் அமைவது போல, நாம் உண்ணும் உணவுக்கேற்பவே இவற்றின் தொழிலும் அமைகிறது.

பருப்பு, பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றிலுள்ள புரதத்தில் டைரோசின் என்னும் பகுதி உண்டு. ஜீரணமாகாமல் பெருங்குடலை அடையும் டைரோசினைச் சில பாக்டீரியாக்கள் கிரெசாலாகவும் பீனாலாகவும் மாற்றுகின்றன. குடற்சுவரும் கல்லீரலும் இவற்றுடன் கந்தகச் சேர்க்கையை இணைக்க, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. குடலில் பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட பிராணிகளில் கிரெசால் அநேகமாகக் காணப்படுவதில்லை என்பதிலிருந்து இது பாக்டீரியாவின் வேலையே என்பது தெளிவாகும்.

தாவர உணவின் கதை வேறு. கத்தரிக்காயிலுள்ள பீனால் வகைப் பொருளைப் பாக்டீரியாக்கள் சிதைத்த பின், அதன் ஒரு பகுதி ஹிப்பூரிக் அமிலமாகச் சிறுநீரில் சேர்கிறது. எள்ளிலுள்ள லிக்னான் என்னும் பொருளிலிருந்து என்டரோலாக்டோன் உண்டாகிறது. ஆகவே, ஒருவர் காய்கறியும் எள்ளும் உண்டாரா என்பதை ஓரளவு சிறுநீர்ப் பரிசோதனையாலேயே கூற இயலும்.

நார்ச்சத்து செய்யும் உதவி

காய், கீரை, முழுத் தானியம், பயறு ஆகியவற்றின் நார்ச்சத்து போதிய அளவில் கிடைத்தால், பாக்டீரியாக்கள் அதையே முதலில் உண்டு பெருகுகின்றன. புரதத்தின் கூறுகளையும் தம் வளர்ச்சிக்கே பயன்படுத்திக்கொள்கின்றன. கிரெசால் உற்பத்தி குறைகிறது. மலச்சிக்கல் நீங்குவதும் இதற்குத் துணை செய்கிறது.

ஆரோக்கியமான சிறுநீரகம் கிரெசாலை எளிதில் அகற்றிவிடும். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கோ அது இரத்தத்தில் தேங்குகிறது. இரத்தத்திலுள்ள புரதத்துடன் ஒட்டிக்கொள்வதால், இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும்போதும் அது முழுமையாக நீங்குவதில்லை.

ஜீரணமாகாத மாவுச்சத்தும் பாக்டீரியாவும் சேர்ந்து நன்மை செய்வதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காலரா நோயாளிகளுக்கு உப்புக் கரைசலுடன் இத்தகைய மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்தபோது, பேதி விரைவில் தணிந்தது. இந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

கவனிக்க வேண்டியவை

இதைப் படித்துப் புரதத்திற்கு அஞ்ச வேண்டாம். வளரும் குழந்தைகளுக்கும் உழைப்பாளிகளுக்கும் அது இன்றியமையாதது. பருப்புடன் காயும் சேர வேண்டும் என்பதே கருத்து. சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் காய், பழங்களைக் கூட்டுதல் ஆகாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடும். சாதாரணச் சளிக்கெல்லாம் பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்பதும் தவறு. அவை குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளின் மாதிரி உணவுத் திட்டத்தில், நாளொன்றுக்குக் காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம் என வகுக்கப்பட்டுள்ளது. அரிசிக்கு முதலிடம் தரும் நம் இலையில் இம்முறை பெரும் மாறுதலையே கோருகிறது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் முருங்கையும் கீரையும் பயிரிட ஏற்பாடு செய்யலாம். குழந்தைகளின் உணவில் காய் நாள்தோறும் சேர்கிறதா என நேரில் பார்க்கலாம். விவசாயிகள் செய்ய வேண்டியது அதனினும் எளிது. சந்தைக்குப் போகும் கூடை நிறையுமுன், வீட்டுக்குரிய பங்கை முதலில் எடுத்து வைத்தல் வேண்டும். விளைவித்தவர் உண்ட பிறகே மற்றவர்க்கு விற்பது நியாயமான முறையன்றோ?