ஃபார்தர், ஃபர்தர்

ஃபார்தர், ஃபர்தர் ஆகியவை, தொலைவைக் குறிக்கும் "ஃபார்" என்னும் ஆங்கிலச் சொல்லின் ஒப்பீட்டு வடிவங்களாக வழங்கும் இரு சொற்கள் ஆகும். ஒலிப்பிலும் எழுத்திலும் நெருங்கியிருப்பதால் இவை அடிக்கடி ஒன்றுடனொன்று மயங்குகின்றன.

வரலாறு

ஃபர்தர் பழைய ஆங்கிலத்திலேயே காணப்படும் சொல். ஃபார்தர் அதன் திரிபாக, இடைக்கால ஆங்கிலத்தில் தோன்றியது. "ஃபார்" என்பதன் பழைய ஒப்பீட்டு வடிவமான "ஃபாரர்" வழக்கொழிந்தபோது, இவை அதன் இடத்தைப் பெற்றன. எனவே தொலைவுக்கு ஃபர்தரைப் பயன்படுத்துவது பிற்காலப் பிழை அன்று.

பயன்பாடு

- அளக்கக்கூடிய தொலைவு: "செவ்வாய், சூரியனிலிருந்து பூமியை விட அதிகத் தொலைவில் உள்ளது" என்னும் தொடரில் இரு சொற்களும் பொருந்தும். அமெரிக்க நடைக் கையேடுகள் பல இங்கு ஃபார்தரை விரும்புகின்றன. பிரித்தானிய ஆங்கிலத்தில் ஃபர்தரே மிகுதி.
- கூடுதல் அளவு: "மேலும் விவரங்கள்", "மறு அறிவிப்பு வரும் வரை" போன்றவற்றில் ஃபர்தர் மட்டுமே வரும்.
- வினைச்சொல்: ஒரு நோக்கத்தை முன்னெடுத்தல் என்னும் பொருளில் ஃபர்தர் மட்டுமே வரும்.

வேறுபடுத்தும் முறை

தமிழில் இவ்விரு பொருள்களுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. தொடரைத் தமிழாக்கும்போது "மேலும்" அல்லது "கூடுதல்" என்று வந்தால், ஃபார்தர் பொருந்தாது. "அதிகத் தொலைவில்" என்று வந்தால் இரண்டும் பொருந்தும். அதாவது, இவ்விதி ஒருவழிப்பட்டது: ஃபார்தர் வரும் இடங்களில் ஃபர்தர் வரலாம், ஃபர்தர் வரும் எல்லா இடங்களிலும் ஃபார்தர் வராது. ஐயம் ஏற்படும்போது ஃபர்தரைத் தேர்வதே பாதுகாப்பானது.