கொடுமுடிக் கோகிலமும் கலையின் பயனும்



வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரியன்னை, கிழக்கு நோக்கித் திரும்பும் இடத்தில் நம் மகுடேசுவரப் பெருமான் எழுந்தருளியுள்ளார். தேவார மூவரும் பாடிப் பரவிய பாண்டிக்கொடுமுடி இது. வன்னி மரத்தடியில் நான்முகனும், தனிச் சந்நிதியில் திருமாலும் விளங்க, மும்மூர்த்தித் தலமெனப் பெயர் பெற்றது. இங்குள்ள அம்மைக்கு வடிவுடைநாயகி என்றும் பண்மொழியம்மை என்றும் திருநாமங்கள் வழங்குகின்றன. வடிவு என்பது சிற்பத்துக்கு உயிர்; பண் என்பது இசைக்கு உயிர். இவ்விரண்டையும் தன் பெயரிலேயே தாங்கிய அம்மையின் திருமுன்பு, கலை என்பது யாது, மக்கள் ஏன் அதனைப் படைக்கின்றனர், ஏன் அதில் தோய்கின்றனர் என்று சிறிது சிந்திப்பது பொருத்தமேயாகும்.

திருவிழாக் காலத்தில் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. பகலெல்லாம் மஞ்சட்காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் உழைத்துக் களைத்தவர், இரவில் சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தைக் கேட்டபடி அசையாமல் நிற்கின்றார். அந்த இசை அவர் பசியைத் தீர்க்கவில்லை, கடனை அடைக்கவில்லை. ஆயினும் நாழிகை போவது தெரியாமல் நிற்கின்றார். விளக்கொளி எட்டாத தூணின் பின்புறத்திலும் சிற்பி ஒரு கொடியை வளைத்துச் செதுக்கி வைத்திருக்கின்றான். அவன் பெயர் அங்கே பொறிக்கப்படவில்லை. கேட்பவர் எதைப் பெற்றார்? செதுக்கியவன் எதை வேண்டினான்? இதுவே நம் வினா.

விடை தேட நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. இவ்வூரிற் பிறந்த ஒரு பெருமாட்டியின் வாழ்வே போதும். 1908-ஆம் ஆண்டு கொடுமுடியில் எளிய குடும்பத்தில் தோன்றியவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். இளமையில் வறுமையின் காரணமாக இரயில் வண்டியிற் பாடிப் பொருளீட்டினார் என்பர். பின்பு நாடக மேடை ஏறினார். செங்கோட்டை கிட்டப்பாவோடு இணைந்து நடித்தார், அவரையே மணந்தார். 1933-ஆம் ஆண்டு கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. அன்று முதல் வெண்ணிற ஆடையே உடுத்தார். ஆடவரோடு இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். பாடுவதையும் அடியோடு விட்டுவிட்டிருந்தால் உலகம் வியந்திராது. ஆனால் அவர் பாடினார். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே தோன்றினார். 1953-இல் ஔவையாரானார், 1973-இல் காரைக்கால் அம்மையார் படத்தில் பாடி நடித்தார். 1980-இல் இவ்வுலகு நீத்தார்.

இவர் எதன்பொருட்டுப் பாடினார்? கூலிக்காக எனலாம். நந்தனார் படத்திற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அக்காலத்தில் ஊரெங்கும் பேசப்பட்ட செய்தி. புகழுக்காக எனலாம், 1970-இல் 'பத்மசிறீ' விருதும் வந்தது. கூலியும் புகழும் கலைஞனுக்கு வேண்டுவனவே. அவற்றை இழிவென்று தள்ளுதல் தகாது. எனினும், கூலி ஒருவரைப் பாடச் செய்யலாமேயன்றி, கேட்பவர் கண்ணில் நீர் வரச் செய்ய இயலாது. அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் ஆராய வேண்டும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். உள்ளத்தில் நிகழ்வது உடலில் தோன்றிப் பிறருக்குப் புலனாவதே மெய்ப்பாடு. ஒருவன் தான் உற்ற உணர்ச்சியைப் பிறர் உள்ளத்திலும் பற்றச் செய்வதே கலை என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருசிய நாட்டு டால்ஸ்டாய் எழுதினார். காசுமீரத்துச் சைவப் பேராசிரியராகிய அபிநவகுப்தர், அவருக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னரே இன்னும் ஆழ்ந்து சென்றார். பரதரின் நாட்டிய நூலுக்கு உரை கண்ட அவர் கருத்தைச் சுருக்கினால் இவ்வாறு அமையும்: அரங்கில் காணும் துயரம் 'என்னுடையது' என்றோ 'இன்னாருடையது' என்றோ தோன்றாமல் பொதுமை பெறும்போது, அது சுவையாகின்றது. வீட்டில் வந்த துயரம் நம்மைச் சுடுகின்றது. பாட்டில் வந்த துயரம் நம்மைக் கனிவிக்கின்றது. 'யான், எனது' என்னும் முனைப்பு அந்தச் சிறு பொழுதில் ஒதுங்கி நிற்பதே இதற்குக் காரணம். கணவரை இழந்த இளம்பெண்ணின் துயரம் அவளுக்கே உரியதாக நின்றிருந்தால் அழுகையோடு முடிந்திருக்கும். அது தில்லையைக் காண ஏங்கும் நந்தனின் குரலாக மாறியபோது, ஏங்கிய நெஞ்சங்கள் அனைத்தும் அதனைத் தம் குரலாக ஏற்றன.

உணர்ச்சி மட்டும் இருந்தால் கலை பிறந்துவிடுமோ? துயருற்றோர் எல்லாரும் பாடகராகிவிடவில்லையே! இதற்கு விடையும் நம் தலத்திலேயே உள்ளது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளியது இப்பதியில்தான். உள்ளம் ஒருகால் தவறினும், பழகிய நா ஐந்தெழுத்தைத் தவறாது என்பது அப்பதிகத்தின் உட்கிடை. பயிற்சியின் முடிந்த நிலை இதுவேயன்றோ? நாகசுரக்காரர் விரலும், சிற்பியின் உளியும், ஓதுவாரின் நாவும் எண்ணாமலே செல்லும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். உணர்ச்சி ஆற்று வெள்ளம் எனின், பயிற்சி கரையாகும். கரையில்லாத வெள்ளம் வயலுக்குப் பாயாது.

ஆயினும் பயிற்சியே எல்லாம் என்பாரும் ஒருநாள் தோற்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருட்டிண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் வேண்டினார். இலக்கணப் பிழைகள் கண்ட பிள்ளையவர்கள் பலமுறை தட்டிக் கழித்தார்கள். ஒருநாள் காத்திருந்த பாரதியார் தம்மை மறந்து பாடத் தொடங்க, அதைக் கேட்ட புலவர் உள்ளம் உருகிற்று, பாயிரமும் கிடைத்தது. பிழை அப்படியே இருந்தது. அதைக் கணக்கிட்ட மனமே கரைந்துவிட்டது. துய்ப்பவனும் தன் கல்விச் செருக்கைச் சிறிது இறக்கி வைத்தாலன்றிக் கலை உள்ளே புகாது.

அந்நூலில் நந்தனை வருத்தும் வேதியர் ஒருவர் வருகின்றார். சேக்கிழார் பெருமான் புராணத்தில் அவர் இல்லை, பாரதியார் படைத்துக்கொண்டவர். இல்லாத ஒருவரை ஏன் படைத்தார்? ஊரில் எங்கும் பரவிக் கிடந்தும் கண்ணுக்குத் தெரியாதிருந்த கொடுமைக்கு ஒரு முகம் கொடுத்தார். நிகழ்ந்ததை மட்டும் சொல்வது செய்தி. நிகழ்ந்துகொண்டே இருப்பதைக் காட்டுவது கலை.

இங்கே நாம் கூசாமல் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். 1935-இல் நந்தனார் படத்தைப் பார்த்துக் கண்ணீர் வடித்தோர் பலர். அந்நாளில் பல ஊர்களில் நந்தனின் குலத்தார் கோயிலுக்கு வெளியேதான் நின்றனர். மதுரையில் 1939-ஆம் ஆண்டுதான் ஆலய நுழைவு நிகழ்ந்தது. நாடு முழுதும் உரிமை உறுதிப்படச் சட்டங்கள் பல வேண்டியிருந்தன. திரையில் நின்ற நந்தனுக்கு அழுத கண், தெருவில் நின்ற நந்தனைக் காணவில்லை. அப்படியாயின் கலையால் பயன் என்ன என்று ஒருவர் வினவினால், நாம் எளிதில் மறுமொழி சொல்லிவிட முடியாது.

நம் சித்தாந்த சாத்திரம் இவ்விடத்தில் கைகொடுக்கின்றது. முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்றுக்குக் 'கலை' என்றே பெயர். ஆணவ இருளைச் சிறிதே நீக்கி, உயிரின் செயலாற்றலை எழுப்புவது அதன் தொழில். தத்துவமாகிய கலை வேறு, ஆடல் பாடலாகிய கலை வேறு என்பதை நாம் அறிவோம். எனினும் இரண்டின் தொழிலும் ஒத்திருத்தல் எண்ணி மகிழத்தக்கது. கலை இருளை முழுதும் போக்குவதில்லை, சிறிது விலக்குகின்றது. விலகிய அந்த இடைவெளியில் செயல் செய்வது நம் கடன். விளக்கு வழியைக் காட்டும். நடக்க வேண்டியவை நம் கால்களே. அழுததோடு நின்றவர் விளக்கைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவராவர். அது விளக்கின் குற்றமன்று.

ஆகவே, அன்பர்களே! கலை என்பது தன் உணர்வைப் பயிற்சியால் வடிவாக்கிப் பிறருக்கு ஈதல்; துய்த்தல் என்பது 'எனது' என்பதைச் சற்று மறந்து அதனை ஏற்றல். இரண்டும் சேரும் இடத்தில் உயிர் சிறிது விரிகின்றது. அந்த விரிவை நாடியே மனிதன் படைக்கின்றான். அதை நாடியே நாமும் கேட்கின்றோம்.

இவ்விழாவில் ஓதுவார் பண்ணோடு பாடும்போது நம் பேச்சை நிறுத்துவோம். நாகசுர ஓசையை ஒலிபெருக்கியின் இரைச்சல் விழுங்காமல் காப்போம். நம் பிள்ளைகளுள் ஒருவரையேனும் திருமுறை கற்க அனுப்புவோம். பாட்டு முடிந்து கண்ணைத் துடைத்த பின், நம் தெருவில் இன்னும் ஒதுங்கி நிற்பவர் எவரேனும் உளரோ என்று திரும்பிப் பார்ப்போம். பண்மொழியம்மை உடனாகிய மகுடேசுவரப் பெருமான் அதற்குத் துணை நிற்பாராக.

திருச்சிற்றம்பலம்