ஆழ்கடலுக்கு ஓர் உருண்டை அறை

கம்பம் பள்ளத்தாக்கில் கடல் இல்லை. ஆயினும் நீரின் அழுத்தம் இன்னதென அறியக் கடற்கரைக்குப் போகவேண்டிய தேவையும் இல்லை. லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலைச்சரிவில் இறங்கிவரும் பெருங்குழாய்களைக் குமுளிச் சாலையில் செல்வோர் கண்டிருப்பர். நீர் பத்து மீட்டர் ஆழ்ந்தால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. குழாயில் அவ்வழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும். கடலடியில் மூழ்கும் கலத்தையோ வெளியிலிருந்து உள்ளே நெருக்கும். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூவரை 6000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் பொருட்டு உருவாக்கிவரும் மத்சியா 6000 கலத்தின் முதற்சிக்கல் இந்நெருக்குதலே.

அவ்வாழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 600 மடங்கு. விரல்நகமளவு பரப்பில் 600 கிலோ எடை. மனிதர் அமரும் அறை 2.1 மீட்டர் உள்விட்டமுள்ள உருண்டை. சுவரோ 80 மில்லிமீட்டர் கனமுள்ள டைட்டானியக் கலப்புலோகம். அதன் வெளிப்பரப்பு 16 சதுர மீட்டர். அதன்மேல் கடல் செலுத்தும் விசையைக் கூட்டினால் ஓர் இலட்சம் டன்னை நெருங்கும். இத்தனையையும் தாங்க வல்லது உலோகத்தின் வலிமை மட்டுமன்று, வடிவமும்தான். உருண்டையில் தகைவு எத்திசையிலும் ஒரே அளவாகப் பரவுகிறது. எளிய கணக்கில் அது உலோகம் நிலையாக உருமாறத் தொடங்கும் எல்லையில் ஏறத்தாழப் பாதி. அதே விட்டத்தில், அதே கனத்தில் ஓர் உருளையைச் செய்தால், சுற்றுத்தகைவு இருமடங்காகி எல்லையைத் தொட்டுவிடும்.

1960ஆம் ஆண்டு சனவரி 23 அன்று சாக் பிக்கார்டும் டான் வால்சும் திரீயெசுட்டுக் கலத்தில் மரியானா அகழியின் அடியைத் தொட்டபோது இருந்தது எஃகு உருண்டைக்குள். அதன்பின் ஆழம் கண்ட பிரான்சு, உருசியா, சப்பான், சீனக் கலங்களும் உருண்டையை விடவில்லை. 2023 சூனில் நொறுங்கி ஐவரைப் பலிகொண்ட டைட்டன் கலத்தின் உடலோ கரிமநாரால் ஆன உருளை. உருளையில் இடம் மிகும், கட்டணப் பயணிகளையும் கூடுதலாக ஏற்றலாம். நெருக்குவிசைக்கு அப்பொருளையும் அவ்வடிவத்தையும் ஒருசேர நம்பியதைத் துணிவு என்று புகழ எனக்கு மனமில்லை. அதன் வடிவமைப்பும் சோதனையும் போதாதவை என அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை பின்னர் உரைத்தது.

இரண்டு அரைக்கோளங்களை இணைத்தே உருண்டை ஆகவேண்டும். இணைப்புத்தையலில் மயிரிழைக் குறையும் ஆகாது. சூடேறிய டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிசனை உறிஞ்சி நொறுங்குந்தன்மை பெறும். ஆதலின் பற்றவைப்பை வெற்றிடத்தில், எலக்ட்ரான் கற்றையால் செய்கின்றனர். மத்சியாவுக்காக இப்பணியை ஏற்ற இசுரோ அறிஞர்கள் பல நூறு ஒத்திகைகளுக்குப் பின், 7.1 மீட்டர் நீளத் தையலை ஒரே ஓட்டமாக 32 நிமிடத்தில் முடித்தனர். 80 மில்லிமீட்டர் கனத்தின் அடிவரை ஊடுருவிய இணைப்பு அது. விண்கலத்துக்குக் கற்ற கைத்திறன் கடலடிக்குப் பயன்பட்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கலத்தின் மற்ற உறுப்புகள் முன்னரே நீரைக் கண்டுவிட்டன. 2025 தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆளின்றியும் ஆளோடும் அமிழ்த்திப் பார்த்தனர். வழக்கமான பயணம் 12 மணி நேரம். இடர் நேர்ந்தால் 96 மணி வரை உயிர்காக்கும் ஏற்பாடு உண்டு.

இத்தனை பாடு எதற்கு? நடு இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட்டு செறிந்த உருண்டைக் கற்களை ஆராயும் உரிமை இந்தியாவுக்கு உள்ளது. இதே நிறுவனத்தின் ஆளில்லாக் கருவி 2010இலேயே அங்கு 5289 மீட்டர் இறங்கியதால், கற்களைத் தேட மட்டும் மனிதர் போகவேண்டியதில்லை. எதிர்பாராத உயிரையோ பாறையையோ கண்டால் அக்கணமே திட்டத்தை மாற்றும் மதிப்பீடுதான் மனிதர் கொண்டுசெல்வது. அதற்கு இவ்விலை தகுமா என்று கேட்போர்மீது எனக்குக் குறையில்லை.

மத்சியா பயணத்துக்கு ஆயத்தமாக, 2025 ஆகசுட்டில் அட்லாண்டிக்கில் பிரான்சின் நாட்டைல் கலத்தில் அறிஞர் இரமேசு 4025 மீட்டரும், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி சதீந்தர் பால் சிங் 5002 மீட்டரும் இறங்கிப் பயின்றனர். அங்குக் கற்றவற்றுள் ஒலித்தொலைபேசியில் பேசும் முறையும் ஒன்று. வானொலி அலை கடல்நீரில் ஆழமாக ஊடுருவாது. ஒலியோ நொடிக்கு 1500 மீட்டர்தான் செல்லும். ஐயாயிரம் மீட்டர் கீழிருந்து கேட்ட கேள்விக்கு மேலிருந்து விடை வர ஆறேழு நொடி ஆகும். இடையில் பொறுமையிழந்து மறுபடி பேசினால் இரண்டும் மோதிக் குழம்பும். ஆகவே யார், எப்போது, எத்தனைச் சொல்லில் பேசுவது என்பதற்கும் பயிற்சி தருகிறார்கள்.