அரிவாள் பிடியையும் கவனியுங்கள்

அறுவடை நெருங்கும்போது அரிவாளைத் தீட்டி வைக்க யாரும் மறப்பதில்லை. ஆனால் அதன் பிடியைக் கவனிப்போர் குறைவு. நெல் அறுக்க இயந்திரம் வந்துவிட்ட ஊர்களிலும் தீவனப் புல் அறுக்க, கரும்பு வெட்ட, வாழைத்தார் இறக்க, வேலி கழிக்க அரிவாள்தான் வேண்டும். பிடி வழுக்கினாலும் ஆடினாலும் கூர்மையான அரிவாளே கைக்குப் பகையாகிவிடும். வழுக்கும் பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் மணிக்கட்டும் முன்கையும் விரைவில் சோர்ந்து, வேலையும் குறையும்.

வழுக்குவது ஏன்?

வியர்வை, மண், கரும்புச் சாறு, வாழைக் கறை ஆகியவை மரத்தில் படிந்து நாளடைவில் பளபளப்பான படலமாகிவிடுகின்றன. கை வியர்த்ததும் இப்படலம் வழுக்கும். வார்னிஷ் பூசிய பிடியும் அப்படியே. சிலர் பிடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவர். அது உலராத எண்ணெயாதலால் வழுக்கலைக் கூட்டுவதோடு தூசியையும் ஒட்ட வைக்கும்.

சுத்தம் செய்யும் முறை

முதலில் அலகின் மீது சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். பின்னர் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரால் பிடியைத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, நிழலில் ஒரு நாள் உலர்த்தவும். பலாப் பால் ஒட்டியிருந்தால் மட்டும் முதலில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு நீரால் தேய்க்கலாம்.

உலர்ந்த பிடியை 80 எண் உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்துப் படலத்தையும் சிம்புகளையும் நீக்க வேண்டும். மழமழவென்று ஆக்க வேண்டியதில்லை. லேசான சொரசொரப்பு இருந்தால்தான் பிடிமானம் கிடைக்கும்.

அடுத்து, பெயிண்டு கடைகளில் கிடைக்கும் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். இது காற்றுப் பட்டுக் கெட்டிப்படும் எண்ணெய். மூன்று நாள் உலர்ந்த பின் அரிவாளைப் பயன்படுத்தலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றக் கூடும். வெளியில் விரித்துக் காய வைக்கவும். சமையலறைக் கத்திக்கு இந்த எண்ணெய் வேண்டாம்.

நூல் சுற்றுதல்

பிடி மெலிந்திருந்தால் பருத்திக் கயிற்றை நெருக்கமாக இறுக்கிச் சுற்றலாம். இது வியர்வையை உறிஞ்சும். பிடித்துப் பார்க்கும்போது கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொடும் அளவே சரியான பருமன். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுவோர் அதை அவ்வப்போது கழற்றி மரத்தை உலர்த்த வேண்டும். இல்லையேல் உள்ளே ஈரம் தங்கி மரம் உளுத்துப் போகும்.

ஆடும் பிடி

பிடி ஆடினால் தண்ணீரில் ஊறப் போடுவது வழக்கம். மரம் உப்பி அப்போதைக்கு இறுகும். ஆனால் காய்ந்ததும் முன்னிலும் அதிகமாகத் தளரும். உள்ளே செல்லும் இரும்பு முனையும் துருப்பிடிக்கும். துளையைச் சுத்தம் செய்து, அரக்குத் தூள் இட்டு, இரும்பு முனையை மட்டும் அரக்கு உருகும் அளவு சூடாக்கிச் செருகி ஆற விடுவதே சரியான முறை. அலகில் சூடு ஏறினால் பதம் போய்விடும். எனவே அலகை ஈரத் துணியால் சுற்றிக்கொள்ள வேண்டும். பூண் தளர்ந்திருந்தாலோ மரம் பிளந்திருந்தாலோ கொல்லரிடம் புதுப் பிடி போடுவதே நல்லது.

எவ்வளவு கவனமாக இருந்தும் வெட்டுப்பட்டால், காயத்தைச் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, மருத்துவரிடம் காட்டி, தேவையானால் தனுர்வாதத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மண்ணும் சாணமும் பட்ட காயத்தைச் சிறியதென்று விடக் கூடாது.

அரிவாள் தீட்டும் நாளிலேயே பிடியையும் ஒருமுறை அசைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால், காசும் மிச்சம், கையும் பத்திரம்.