பாறையடி ஈரம்

செஞ்சி மலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும் உருண்டைப் பாறைகளை யாரும் கொண்டுவந்து அடுக்கவில்லை. அவை வேறெங்கிருந்தும் உருண்டும் வரவில்லை. இருந்த இடத்திலேயே, மண்ணுக்குள் புதைந்து கிடந்தபோதே, உருண்டையானவை அவை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் குழம்பாக இருந்து இறுகிய கருங்கல் அது. மேலே அழுத்திக்கொண்டிருந்த நிலம் மெல்ல மெல்ல அரித்துப்போகச் சுமை குறைந்தது. பாறை விரிசல் விட்டது. நெடுக்கும் குறுக்குமாக ஓடிய விரிசல்கள் பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தன. கரியமில வாயு கரைந்து லேசாக அமிலத்தன்மை பெற்ற மழைநீர் அவற்றின் வழியே இறங்கியது. ஒரு கட்டத்தின் முகப்பைத் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்துதான் தாக்க முடியும். விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து தாக்கும், மூலையை மூன்று பக்கத்திலிருந்து. வாயில் போட்ட கல்கண்டைப்போல மூலைகள் முதலில் மழுங்கின. பிறகு சுற்றிலும் உளுத்துப்போயிருந்ததை மழை அடித்துக்கொண்டு போக, நடுவிலிருந்த கெட்டிக் கற்கள் வெளியே தெரிந்தன.

மலையிலிருந்து உளுத்து இறங்கியதுதான் இன்று செஞ்சி வீடுகளின் கொல்லையில் கிடக்கிற மண். கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து களியானது. எதற்கும் அசையாத குவார்ட்ஸ் மணலானது. கறுப்பு மைக்காவில் இருந்த இரும்பு துருப்பிடித்து மண்ணுக்குச் சிவப்பு ஏற்றியது. ரோஜாப் பதியனுக்குக் குழி வெட்டுகிறவரின் மண்வெட்டியில் வருவது ராஜகிரி மலையின் ஒரு பிடி.

வீட்டைச் சுற்றி அழகாக ஒரு தோட்டம் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் நர்சரிக்குத்தான் முதலில் போகிறார்கள். பூத்துக் குலுங்குகிற தொட்டிகளைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வருகிறார்கள். பங்குனி வெயிலில் அவை கருகியதும், தங்களுக்குக் கைராசி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோட்டம் போடுவதற்கு முன் அந்த இடத்தில் தண்ணீர் எப்படி வருகிறது, எங்கே நிற்கிறது, எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளச் செஞ்சியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மலை, கோட்டை இரண்டும் அதைத்தான் கண்ணெதிரே காட்டிக்கொண்டு நிற்கின்றன.

கோடையில் மலைச்சரிவைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். சரிவு முழுக்கக் காய்ந்து கிடக்கும். ஆனால் பெரிய பாறைகளின் அடியில் மட்டும் பச்சை இருக்கும். பாறை நிழல் தருகிறது என்பது பாதிக் காரணம்தான். மீதியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். மேற்பரப்பு 30 சதுர மீட்டர் உள்ள ஒரு பாறையின்மீது ஒரு மாலையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 600 லிட்டர். கருங்கல் அதில் பெரிதாக எதையும் உறிஞ்சாது. ஏறக்குறைய அத்தனையும் வழிந்து அடிவாரத்தில் இறங்கும். அங்கே ஆறு சதுர மீட்டர் மண் இருந்தால், வழிந்து வந்தது 100 மில்லிமீட்டர், நேராகப் பெய்தது 20 மில்லிமீட்டர், ஆக 120. பத்தடி தள்ளி நிற்கிற புல்லுக்குக் கிடைத்ததைப்போல ஆறு மடங்கு! ஒரே மலையில், ஒரே மாலையில், ஒரு செடி வறண்ட நாட்டிலும் பக்கத்துச் செடி மழைநாட்டிலும் வாழ்கிறது.

கோட்டையைக் கட்டியவர்கள் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். கிட்டத்தட்ட 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் மேலே சுனைநீர் உண்டு. கீழே, சரிவில் வழிகிற மழையைப் பிடித்துவைக்கச் சக்கரக்குளம், செட்டிக்குளம் போன்ற நீர்நிலைகள். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மஹாலுக்குத் தண்ணீர், மதிலுக்கு வெளியே சுமார் 500 மீட்டர் தொலைவிலிருந்த தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய்களில் வந்தது. திறந்த வாய்க்காலில் வந்தால் வெயில் குடித்துவிடும், ஆடுமாடு கலக்கிவிடும். மூடிய குழாயில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: நடுவில் பள்ளத்தில் இறங்கினாலும், ஏறக்குறைய புறப்பட்ட மட்டம்வரை தண்ணீர் தானாகவே மறுபடி ஏறும். மோட்டார் வேண்டாம். 1690-இல் தொடங்கிய முகலாய முற்றுகை, மராத்திய மன்னர் ராஜாராம் உள்ளே இருக்க, விட்டுவிட்டு ஏழு ஆண்டுகளுக்கும் மேல் நீண்டு 1698-இல்தான் முடிந்தது. கோட்டை அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லாத கோட்டை ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. மதிலையும் மண்டபத்தையும் மட்டும் பார்த்து அந்தத் தகுதி தரப்படவில்லை. மலையும் சரிவும் காவலின் பகுதியாகவே அமைந்த நிலவமைப்பும் அதில் சேர்ந்தது.

வீட்டு மொட்டை மாடியும் தண்ணீரை உறிஞ்சாத பாறைதான். 1,000 சதுர அடி மாடி என்றால் ஏறக்குறைய 93 சதுர மீட்டர். செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமாராக 1,000 மில்லிமீட்டர். சிந்தியது, ஆவியானது போக நான்கில் மூன்று பங்கு கிடைத்தாலும் ஏறக்குறைய 70,000 லிட்டர். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் குழாய் இருக்கிறது. அது போய்ச் சேரும் குழிதான் தூர்ந்து கிடக்கிறது. அந்தக் குழாயைச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளிக் கொண்டுபோய், அங்கே ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, கரையில் மரமும் செடியும் வைத்தால் அதுவே வீட்டின் பாறையடி.

இவ்வளவு தண்ணீரையும் தொட்டி கட்டித்தான் சேமிக்க வேண்டும் என்பதில்லை. மண்ணே சேமிக்கும். ஒரு சென்ட் நிலத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமாரான செம்மண் இருந்தால், செடி உறிஞ்சிக்கொள்ளக்கூடிய தண்ணீராக அதில் சுமார் 4,000 லிட்டர் தங்கும். மக்கிய இலைதழை சேரச் சேர இன்னும் கூடும். அதனால்தான் சருகைக் கூட்டிக் கொளுத்துகிற பழக்கத்தைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. ஒரு கை அகலத்துக்குத் தண்டை ஒட்டி இடம் விட்டு, மீதியெல்லாம் நான்கு விரல் கனத்துக்குச் சருகு மூடாக்கு போட்டால் மண்ணின்மேல் வெயில் படாது, ஈரம் நிற்கும், மண்புழு மேலே வரும். தண்டை ஒட்டிக் குவித்தால் அது அழுகும், கரையானும் வரும்.

சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர்வரை தண்ணீர் கேட்கிற புல்வெளி தேவையா என்று யோசிக்க வேண்டும். ஒரு சென்ட் புல்லுக்கு அது தினம் 200 லிட்டர். போர்வெல் தண்ணீரும் இங்கே பாறை விரிசல்களில் தேங்கியிருப்பதுதான். அது பொங்கி வருகிற ஊற்று கிடையாது. புல்லுக்குப் பதில் முற்றம் முழுக்கப் பேவர் கல் பதிப்பது அதைவிட மோசம். மழையை உள்ளே விடாது, பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் வீட்டுப் பக்கம் திருப்பிவிடும்.

எதைப் பச்சையாக வைப்பது என்பதற்கும் இந்த மண்ணே விடை வைத்திருக்கிறது. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய நிலத்தின் இயல்பான காட்டுக்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். ஆண்டில் பாதி மழையில்லாத இடத்தில் ஒரு காடு இலை உதிர்க்காமல் நிற்பது பெரிய விந்தை. வீரை, உலக்கைப்பாலை, காசா போன்றவற்றின் இலையைத் தொட்டுப் பார்த்தால் காரணம் கையில் தட்டுப்படும்: சிறிதாக, தடிப்பாக, மெழுகு பூசியதுபோல இருக்கும். இலைத்துளைகள் வழியே தவிர வேறெங்கும் நீர் அதிகம் கசியாது. வெயில் ஏறினால் துளைகளும் மூடிக்கொள்ளும். புதுச்சேரியில் 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்தக் காடுகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. ஆரோவில்லில், 1968-க்குப் பிறகு, செம்மண் பொட்டலாக இருந்த மேட்டில் இதே மரங்களை வைத்துக் காட்டை மீட்டிருக்கிறார்கள். முதலில் அவர்களும் கரைகட்டி மழையை நிறுத்தினார்கள். பிறகுதான் மரம் பிழைத்தது.

வேம்பும் புங்கமும் வேறு வழி பிடித்தன. மாசி, பங்குனியில் பழைய இலையை உதிர்க்கின்றன. மழையே இல்லாத காலத்தில், எல்லாம் வாடுகிற நேரத்தில், தளதளவென்று புது இலை விடுகின்றன. சித்திரை முதல் நாளுக்கு வேப்பம்பூ கிடைப்பது இதனால்தான். நீரைக் கசியவிடும் கிழட்டு இலைகள் போனதும், ஆழத்து வேர் உறிஞ்சுகிற ஈரம் கிளைகளில் மீண்டும் நிரம்புகிறது. அதைக் கொண்டு தளிர்த்துவிட்டால், மழை வரும் நாளில் மரம் தயாராக நிற்கும். நமக்கோ நிழல் மிகவும் தேவைப்படுகிற மாதத்தில் நிழல் கிடைக்கிறது.

நிழல் எந்தப் பக்கம் வேண்டும் என்பதில் ஐரோப்பியப் புத்தகங்களை நம்பினால் ஏமாறுவோம். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும். செஞ்சியோ நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 12 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நான்காம் வாரத்தில் ஒரு நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். உச்சி வெயிலை மாடிதான் வாங்குகிறது. சுவர்களைச் சுடுவது காலையில் கிழக்கிலிருந்தும் மாலையில் மேற்கிலிருந்தும் சாய்ந்து வரும் வெயில். மேற்குச் சுவருக்குப் பதினைந்தடி தள்ளி ஒரு வேம்போ புங்கமோ நாவலோ நின்றால் இரவில் அந்த அறையில் தூங்க முடியும். நிழலைத் தவிர இன்னொன்றும் நடக்கிறது. ஒரு லிட்டர் நீர் இலைவழியே ஆவியாவதற்கு ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தைக் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. வளர்ந்த மரம் ஒன்று பகலில் 100 லிட்டர் விட்டால், எழுபது யூனிட் அளவுக்கு வெப்பம் அதிலேயே செலவாகிவிடுகிறது.

அரசும் ஆலும் இச்சியும் பாறையில் வேரோடிப் படர்வது எத்தனை அழகு! ஆனால் பறவை எச்சத்தில் வந்த அதே விதை மதில் இடுக்கில் விழுந்தால் வேர் தடித்துக் கல்லைப் பெயர்த்துவிடும். வீட்டுச் சுவரில் முளைத்தால் இரண்டு இலை விடும்போதே பிடுங்கிவிட வேண்டும். மலையடியில் வீடு இருப்பவர்கள் குரங்குகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். கொய்யாவும் மாவும் வைத்துவிட்டுக் கல்லெறிந்துகொண்டிருப்பதைவிட, பவழமல்லி, கொன்றை, மருதாணி, கனகாம்பரம் என்று வாசனைக்கும் நிறத்துக்கும் வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. வேலிக்குக் கிளுவை போதும். போத்து நட்டாலே துளிர்க்கும். துணி துவைக்கிற கல்லடியில் கல்வாழை வைக்கலாம். மற்ற செடிகளுக்குச் சோப்புத் தண்ணீரை விடாதீர்கள். அதிலுள்ள சோடியம் களியைக் கலைத்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும்.

பராமரிப்பில் பெரும்பாலோர் செய்வது தினம் மாலை குழாயைப் பிடித்துக்கொண்டு இலை நனைய ஊற்றுவது. மேலே இரண்டு விரல் ஈரம் இருந்தால் வேர் ஏன் கீழே போகும்? ஒரு வாரம் வெளியூர் போனால் செடி செத்துவிடும். மரக்கன்றுக்கு வாரம் ஒருமுறையோ இருமுறையோ, பாத்தி நிறைய, மெதுவாக விட வேண்டும். மரம் பெரிதாகப் பெரிதாகப் பாத்தியும் தண்டைவிட்டு விலகிக் கிளைநுனியின் கீழ்வரை போக வேண்டும். தண்ணீரை உறிஞ்சும் இளவேர்கள் அதிகம் இருப்பது அங்கேதான். கன்று நடுவதற்குக் கோடை விடுமுறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புரட்டாசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை முழுவதும் வேர் இறங்கும். அடுத்த சித்திரையைத் தன் காலிலேயே நின்று சந்திக்கும். தை பிறந்ததும் மூடாக்கைப் புதுப்பிக்க வேண்டும், மண் காய்ந்த பிறகு அல்ல.

இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையன்று, இடி மின்னல் ஓய்ந்ததும் மழை தூறிக்கொண்டிருக்கும்போதே குடையோடு வெளியே வந்து வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த மூலையில் தேங்குகிறது, எந்த இடத்தில் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓடுகிற இடத்துக்குச் சற்று முன்னால் முதல் பள்ளத்தை வெட்டுங்கள். நர்சரிக்கு அதற்கு அடுத்த வாரம் போகலாம்.