அனுப்பிய பணமும் காத்த காகிதமும்

குடும்பம் வாழ வேண்டும் என்பதற்காகக் கடல் கடக்கும் உழைப்பாளர் என்றதும் பிலிப்பைன்ஸ் நாடு நம் நினைவுக்கு வருகிறது. 2023ஆம் ஆண்டில் அந்நாட்டினர் ஏறத்தாழ 21.6 லட்சம் பேர் அயல்நாடுகளில் பணிபுரிந்ததாக அவ்வரசின் கணக்கெடுப்பு கூறுகிறது. சவூதி அரேபியாவிலும் ஹாங்காங்கிலும் வீட்டுப் பணியாளராக, மருத்துவமனைகளில் செவிலியராக, கப்பல்களில் மாலுமியராக அவர்கள் உழைக்கின்றனர். அயல்நாடுவாழ் பிலிப்பீனியர் அவ்வாண்டில் வங்கிகள் வழியாகத் தாயகத்திற்கு அனுப்பிய தொகை 3,300 கோடி டாலருக்கும் அதிகம்.

இத்துணைப் பணம் வீடு வந்து சேர்ந்தாலும், உழைத்தவரின் முதுமைக்கு அது மட்டும் காவலாகாது. குடும்பத்திற்கு அனுப்பும் பணம் வேறு. அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பிற்குச் செலுத்தும் சந்தா வேறு. இவ்வேறுபாட்டை உணராத இல்லங்களில்தான் பிற்காலத்துக் கண்ணீர் தொடங்குகிறது.

அவ்வமைப்பில் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 120 மாதச் சந்தா வேண்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 60 வயதுக்கு மேற்படாத அயல்நாட்டுப் பணியாளர் அனைவரையும் கட்டாய உறுப்பினராக்கியது. 2025 ஜனவரி முதல் சந்தா, ஊதியக் கணக்கில் 15 விழுக்காடு. உள்நாட்டில் முதலாளியும் தொழிலாளியும் பகிர்ந்து கொள்ளும் இச்சுமையை, அயல்நாட்டில் நிலத்தில் பணிபுரிபவர் பொதுவாகத் தாமே முழுவதும் தாங்க வேண்டியிருக்கிறது.

பலர் இதையும் வீட்டுச் செலவுப் பணத்தோடு சேர்த்தனுப்பி, "நீயே கட்டிவிடு" என்று மனைவியிடமோ தம்பியிடமோ ஒப்படைக்கின்றனர். ஒரு மாதம் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் குறுக்கிடும்; மறுமாதம் தாயின் மருந்துச் செலவு. ஏமாற்றும் எண்ணம் எவருக்கும் இல்லை. ஆயினும் கெடு கடந்த மாதத்திற்குப் பின்னர்ச் சந்தா செலுத்த இயலாது. 60 வயதில் 120 மாதங்கள் நிறையவில்லையெனில், தொடர்ந்து செலுத்தி நிறைவு செய்ய வேண்டும். அல்லது கட்டியதை வட்டியுடன் ஒரே தொகையாகப் பெற்றுக்கொண்டு மாத ஓய்வூதியத்தை மறந்துவிட வேண்டும்.

ஆகவே, மூவகைக் காகிதங்களைத் தனித்தனியே காப்பது நன்று என்போம். முதலாவது, வங்கியில் பணம் அனுப்பிய ரசீது. அது பணம் வந்ததற்குச் சான்றேயன்றிச் சந்தா கட்டியதற்குச் சான்றன்று. இரண்டாவது, சந்தா ரசீது. செலுத்துமுன் பெறும் குறிப்பு எண்ணும், சந்தா எந்த மாதத்திற்குரியது என்பதும் அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். மூன்றாவது, உறுப்பினர் தம் பெயரிலேயே வைத்திருக்கும் வங்கிக் கணக்கின் புத்தகம் அல்லது வங்கிச் சான்றிதழ். உதவித்தொகை அக்கணக்கிற்கே வருமாதலால், பெயரும் எண்ணும் காட்டும் சான்றோடு அதனைப் பதிவு செய்ய வேண்டும். அக்கணக்கை உறங்க விடுவதும் தகாது. 10 ஆண்டுகள் எவ்வித நடமாட்டமும் இல்லாத வைப்புத்தொகை, அந்நாட்டுச் சட்டப்படி அரசுக் கருவூலத்திற்குச் செல்லக்கூடும்.

பெயரிலும் கவனம் தேவை. "மரியா" என்னும் பெயரை "மா." எனச் சுருக்கி எழுதுவது அங்கே பெருவழக்கு. பிறப்புச் சான்றிதழில் "மரியா", கடவுச்சீட்டில் "மா.", வங்கிப் புத்தகத்தில் திருமணத்திற்கு முந்திய குடும்பப் பெயர் என்றிருந்தால், மூவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும் பொறுப்பு அப்பெண்ணையே சேரும். பிறப்புப் பதிவிலுள்ள எழுத்துப் பிழைகளை நீதிமன்றம் செல்லாமலே திருத்திக்கொள்ள 2001ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்துள்ளது. அயல்நாட்டில் இருப்போர் தம் நாட்டுத் துணைத் தூதரகத்திலும் மனுச் செய்யலாம். உடலில் வலுவுள்ளபோதே இதைச் செய்துவிடுவது அறிவுடைமை.

இக்காகிதங்கள் உழைப்பவரின் பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. 36 மாதச் சந்தா செலுத்திய உறுப்பினர் இறப்பின், அவரைச் சார்ந்து வாழ்ந்த மனைவியும் சிறு பிள்ளைகளும் மாத ஓய்வூதியம் கோரலாம். ஆனால் கணவரின் உறுப்பினர் எண்ணையே அறியாத கைம்பெண் எந்த வாசலில் நிற்பாள்? ஆகையால் ஒரு படி அங்கே, ஒரு படி இங்கே இருக்கட்டும். திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் அதனோடு சேரட்டும்.

கணக்குக் கேட்பது ஐயப்படுவது ஆகாது. கணக்குக் காட்டுவதும் இழிவன்று. அயல்நாட்டுப் பணியாளருக்கு ஓராண்டின் எந்த மாதச் சந்தாவையும் டிசம்பர் 31க்குள் செலுத்தச் சலுகை உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்கு மறு ஜனவரி 31 வரை தவணை உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவிற்குப் பலர் வீடு திரும்பும் காலமும் அதுவே. விழா விருந்து முடிந்த ஒரு மாலையில் கணவனும் மனைவியும் ரசீதுகளை மேசைமேல் பரப்பி, பன்னிரண்டு மாதங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கட்டும். ஒரு மாதம் குறைந்திருந்தாலும், அன்று அதைச் சரிசெய்ய இன்னும் நாள் இருக்கும்.